ஊர் வழக்கு ஊருக்கே திரும்புதல் வேண்டும்

(தருமபுரி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் நிறைவு நாளன்று, வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கடந்த ஏழு நாட்களாக இம்மாணவர்கள் உங்கள் ஊரில் தங்கியிருந்தனர். காலை வேளைகளில் ஏரியின் வரத்துக் கால்வாயில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேல முட்களை வெட்டி அகற்றினர். மாலை வேளைகளில் குறிப்பேடும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு திண்ணைதோறும் சென்று அமர்ந்தனர். பாட்டிமார்களிடம் தாலாட்டும் களையெடுப்புப் பாட்டும் கேட்டனர். முதியவர்களிடம் பழமொழியும் விடுகதையும் கேட்டனர். குட்டைக்கும் மேட்டுக்கும் பாறைக்கும் பெயர் வந்த வரலாற்றைக் கேட்டனர்.

முந்தாநாள் மாலை நான் இங்கு வந்திருந்தபோது, இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கால்வாயைச் சுத்தம் செய்தார்கள், அது சரி. கிழவி பாடுகிற பாட்டை எழுதிக்கொண்டு போவதால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம். அம்மறுமொழியின் நடுவே, நான் தீர்க்காமல் விட்ட கடன் ஒன்றையும் உங்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவை நம் வழக்குகள்?

நாட்டுப்புற வழக்கு என்றவுடன் தெருக்கூத்தும் திருவிழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. பதினெட்டு நாள் பாரதமும், துரியோதனன் படுகளமும், ஆடிப் பதினெட்டன்று ஒகேனக்கல்லில் கூடும் கூட்டமும் சிறப்புடையனவே. ஆயினும் அவை எல்லோரும் காணும் வண்ணம் நடைபெறுவன. எவர் கண்ணிலும் படாமல் நாள்தோறும் நம் வீட்டிலும் கொல்லையிலும் வழங்கி வருவனவும் பல உள. விதைக்கென்று ஒதுக்கிய அவரையைச் சாம்பலில் புரட்டி வைப்பதும், கேழ்வரகுக் கொல்லையில் அவரையும் துவரையும் இடையிடையே சால் விட்டு விதைப்பதும், முதல் கதிரை வீட்டு வாசலில் கட்டுவதும், மாட்டின் சுழி பார்த்து விலை பேசுவதும், குழந்தைக்கு முதல் முடி எடுக்கும் முறையும், இழவு வீட்டில் யார் எந்த முறைப் பாட்டைத் தொடங்க வேண்டும் என்பதும் யாவும் நம் வழக்குகளே. இவற்றை எவரும் வகுப்பறையில் கற்றதில்லை. தாய் செய்வதை மகள் கண்டாள், தகப்பன் செய்வதை மகன் கண்டான். இவ்வாறே இவை வாழ்ந்து வந்தன.

இன்று மகள் சட்டை தைக்கும் ஆலைக்கும், மகன் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அதில் குறை கூற ஒன்றுமில்லை. பிழைப்பு அங்கே இருக்கிறது. ஆனால் உடனிருந்து காணும் வாய்ப்பு குறைந்துவிட்டது. கண்டு கற்ற காலம் போய்விட்டதால், எழுதி வைத்துக் கற்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

நம் மண் சொல்லும் இரு செய்திகள்

ஒரு பொருளைக் காப்பதற்கும் இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டமே இரு சான்றுகளைத் தருகிறது.

முதற்சான்று நடுகற்கள். நம் பகுதியிலும், அடுத்துள்ள செங்கம் பகுதியிலும், ஆநிரைகளைக் கவரவும் மீட்கவும் நடந்த பூசல்களில் உயிர்நீத்த வீரர்களுக்குக் கல் நட்டு எழுத்தும் பொறித்தனர். காலம் செல்லச் செல்ல அவ்வெழுத்தைப் படிக்க வல்லவர் ஊரில் இல்லாமற் போயினர். ஆயினும் பல ஊர்களில் மக்கள் அக்கற்களை வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வணங்கி வந்தனர். அவ்வழிபாடு இருந்ததாலேயே பல கற்கள் படிக்கல்லாகவோ துணி துவைக்கும் கல்லாகவோ ஆகாமல் தப்பின. பின்னர் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் வந்து அவற்றைப் படித்தனர். இரா. நாகசாமி அவர்கள் பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. அறிஞர்கள் படித்தறிந்தது பிற்காலத்தில். அதுவரை நூற்றாண்டுகளாகக் காத்து வைத்தவர்கள் எழுத்தறியாத நம் முன்னோர்.

இரண்டாவது சான்று வருந்தத்தக்கது. தகடூர் என்பது நம் தருமபுரியின் பழம்பெயர் என்பதையும், அதனை அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான் என்பதையும் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்ட போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்றே ஒரு நூல் இருந்தது. இன்று அந்நூல் முழுமையாக இல்லை. புறத்திரட்டு என்னும் தொகை நூலில் யாரோ ஒருவர் எடுத்துச் சேர்த்து வைத்த சில பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒரு நூலே அழிந்தது. ஒருவர் செய்த தொகுப்பினால் சில பாடல்களேனும் பிழைத்தன. மாணவர்களின் குறிப்பேட்டைப் பார்த்து நகைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறர் செய்த பணி

இத்தொகுப்புப் பணி புதிதன்று. பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் திருநெல்வேலிப் பகுதியில் வாழ்ந்தவர். அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வெளிவந்தது. பல ஊர்களிலிருந்தும் நண்பர்கள் பாடல்களைத் திரட்டி அவருக்கு அனுப்பினர். சேலம் வட்டாரப் பாடல்களும் அதில் உண்டு. சேகரித்தவர் பெயரும் இடமும் பாடலின் கீழ்க் குறிக்கப்பட்டிருப்பது அந்நூலின் சிறப்பு. 1967-இல் அவர் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, இளைஞர் பலரை இத்துறையில் பழக்கினார். அதன்பின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நாட்டார் வழக்காற்றியல் ஒரு பாடமாக வளர்ந்தது. 1981-இல் தஞ்சையில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே அமைந்தது.

உழவர்களாகிய நீங்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் உழவுத் தொழில் செய்தவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். தம் வட்டார மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கென ஒரு சொல்லகராதியை வெளியிட்டார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. பட்டம் பெற்ற மாணவர்கள் அந்த உழவரிடம் பாடம் கேட்டனர். 2021-இல் அவர் மறைந்தபோது தமிழக அரசு அரசு மரியாதையுடன் அவருக்கு விடை கொடுத்தது. ஊர்ப் பேச்சும் ஊர்க் கதையும் கல்வியாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவேன். அயர்லாந்து நாட்டில் 1937-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள், தத்தம் தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுக் கதைகளையும் மருந்துகளையும் வானிலைக் குறிகளையும் ஊர்ப் பெயர்களையும் எழுதினர். அக்குறிப்பேடுகளை அந்நாட்டார் குப்பையில் போடவில்லை. பொதுமக்கள் பார்க்கும் வண்ணம் இணையத்தில் ஏற்றியுள்ளனர். இன்று அந்நாட்டு உழவர் ஒருவர் தம் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடினால், தம் பாட்டனார் சிறுவனாக இருந்தபோது எழுதிய பக்கத்தையே காணக்கூடும். எழுதியது எழுதிய இடத்திற்கே திரும்பி வந்துவிட்டது. இதனை நினைவில் வையுங்கள். என் பேச்சின் கருத்து இதில்தான் அடங்கியிருக்கிறது.

என் கடன்

இனி என் கதையைச் சொல்லுகிறேன். நான் கல்லூரியில் பயின்ற நாளில், இவர்களைப் போலவே ஒரு முகாமுக்குச் சென்றேன். அது இம்மாவட்டத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர். அங்கே மூதாட்டி ஒருவர் இருந்தார். கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்கும்போது அவர் பாடத் தொடங்கினால் மற்றப் பெண்கள் வரிசையாகப் பின்பாட்டுப் பாடுவர். நான்கு மாலைகள் அவர் வீட்டு வாசலில் அமர்ந்து ஏறத்தாழ முப்பது பாடல்களை எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதி முடித்தவுடன், "திருப்பிப் படி தம்பி" என்பார். படிப்பேன். ஒரு சொல் மாறியிருந்தாலும் நிறுத்தித் திருத்துவார். எழுத்தறியாத அவரிடம் நான் பிழைதிருத்தம் கற்றேன்.

புறப்படும் நாளில், "இதையெல்லாம் கொண்டுபோய் என்ன செய்வே?" என்று கேட்டார். "புத்தகமாக வரும் பாட்டி" என்றேன். "அப்படீன்னா எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடு. எனக்குப் படிக்கத் தெரியாது. எம் பேத்தி படிப்பா" என்றார். அருகில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்களித்தேன்.

குறிப்பேட்டைக் கல்லூரியில் ஒப்படைத்தேன், மதிப்பெண் பெற்றேன். படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புத்தகம் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, பழைய தாள்களோடு அதுவும் எடைக்குப் போய்விட்டதாக அறிந்தேன். பிறரைக் குறை கூறும் உரிமை எனக்கில்லை. வாக்குக் கொடுத்தவன் நான்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே ஒன்றியத்திற்கு அலுவலராக மாற்றப்பட்டேன். ஒரு நாள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகங்களுடன் ஒரு பெண்மணி என் அறைக்கு வந்தார். வந்த வேலை முடிந்த பின்னும் போகாமல் நின்றார். பிறகு, "சார், நீங்கதானே எங்க ஆயாகிட்டப் பாட்டு எழுதுனது? அந்த நோட்டு இருக்குதுங்களா? ஆயா செத்தன்னிக்கு அவங்க பாட்டையே பாடலாம்னு பார்த்தோம். யாருக்கும் முழுசாத் தெரியலே" என்றார்.

என்னால் விடை கூற இயலவில்லை. அலுவலகத்தில் எத்தனையோ தணிக்கைக் குறிப்புகளுக்கு மறுமொழி எழுதியிருக்கிறேன். அக்கேள்விக்கு மட்டும் எழுதவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அந்த ஊரின் பொருள் ஒன்றை நான் வாங்கிச் சென்று தொலைத்திருந்தேன். இரும்பாகவோ சிமெண்டாகவோ இருந்திருந்தால் என்னிடம் ஈடு வசூலித்திருப்பார்கள். பாட்டாக இருந்ததால் எவரும் வசூலிக்கவில்லை.

பின்பு அப்பெண்மணியும் குழுவினரும் ஊரில் எஞ்சியிருந்த முதிய பெண்களைக் கூட்டி, நினைவில் உள்ளவற்றைப் பாடச் சொல்லி எழுதினர். ஒன்பது பாடல்கள் கிடைத்தன. இருபத்தொரு பாடல்கள் போனவை போனவைதாம்.

உழவர்க்கு என்ன பயன்?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாட்டும் பழமொழியும் மனத்திற்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றுள் தொழில் அறிவும் பொதிந்துள்ளது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பருவத்தைச் சொல்லுகிறது. ஒரு குட்டையின் பெயர் அங்கே ஊற்று இருந்ததைச் சொல்லலாம். ஓர் ஓடையின் பெயர் வெள்ளம் எவ்வழியாக வந்தது என்பதைச் சொல்லலாம். பண்ணைக்குட்டையோ தடுப்பணையோ அமைக்க இடம் பார்க்கும்போது, வரைபடத்தோடு அப்பெயர்களையும் கேட்டறிதல் நல்லது. கேழ்வரகும் சாமையும் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, உலகமே அவற்றைத் திரும்பிப் பார்த்தது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மக்கள் சாமையை எங்ஙனம் விதைத்தனர், எங்ஙனம் சேமித்தனர், எங்ஙனம் குத்திச் சமைத்தனர் என்பது நமக்குத் தேவைப்படும் அறிவு ஆகிவிட்டது.

சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி, உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று எழுதப்பட வேண்டும். ஊரிலுள்ள பயிர் வகைகளும் மூலிகைகளும் கால்நடைகளும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவையும் அதில் இடம்பெறும். இம்மாணவர்கள் திரட்டிய விதைச் செய்திகளும் மூலிகைச் செய்திகளும் அப்பதிவேட்டிற்கு உயிரூட்டக் கூடியவை.

பழையன யாவும் நல்லன அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழையது என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. பாம்புக் கடிக்குப் பச்சிலை சொன்னால் அதை எழுதிக்கொள்ளுங்கள். கடிபட்டவரை மட்டும் கணமும் தாமதியாமல் அரசு மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். சாதியை இழித்துரைக்கும் பழமொழிகளும், பெண் பிறப்பைத் துயரமெனக் கூறும் வழக்குகளும் நம்மிடையே இருந்தன. அவ்வெண்ணம் எத்தகைய கொடுமையை விளைவித்தது என்பதை நம் மாவட்டம் நன்கறியும். 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்த நேர்ந்தது அதனால்தான். இத்தகைய வழக்குகளையும் மறைக்காமல் எழுதுதல் வேண்டும். நோயின் வரலாற்றை அறிந்தால்தான் அது மீண்டும் வாராமல் காக்கலாம். எழுதுவது வேறு, பின்பற்றுவது வேறு.

மாணவர்களுக்குச் சில சொற்கள்

மாணவ நண்பர்களே! சொல்பவர் சொன்னபடியே எழுதுங்கள்; உங்கள் இலக்கணத்தைக் கொண்டு அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். பாட்டை மட்டும் எழுதினால் போதாது. யார் பாடினார், எவரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது, யார் முன் பாடக் கூடாது என்பனவற்றையும் எழுதுங்கள். அமெரிக்காவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1963 முதல் ஆலன் டண்டிஸ் என்னும் பேராசிரியர் தம் மாணவர்களைக் கொண்டு பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். சொன்னவர் யார், சொன்ன சூழல் யாது, சொன்னவர் அதற்குக் கொள்ளும் பொருள் யாது என்பனவற்றை எழுதாத குறிப்பு அரைக் குறிப்பே என்பது அவர் கொள்கை.

எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். பிறர்க்குச் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டால் அதனை மதியுங்கள். கைப்பேசியில் பதிந்தது நிலைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள்; கைப்பேசி பழுதானால் அதுவும் எடைக்குப் போன தாள்தான். உரியவர் பெயரை மறவாமல் குறியுங்கள்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இறுதியாக ஊராட்சி அன்பர்களிடம் நான் வேண்டுவன மிகுதியல்ல. இவற்றுக்குப் பெருஞ்செலவும் ஆகாது.

முதலாவது, ஊர் வழக்குகளைத் திரட்ட எந்தக் கல்லூரியினர் வந்தாலும் அன்புடன் வரவேற்று, திரட்டியவற்றில் ஒரு படி ஊராட்சிக்குத் தர வேண்டும் என்று முதல் நாளே கேட்டுப் பெறுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது அவர்கள் கடமை.

இரண்டாவது, அதனை ஊர் நூலகத்தில் வையுங்கள். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் சில பூட்டிக் கிடப்பதை நான் அறிவேன். ஊராரின் சொந்தப் பாட்டும் கதையும் அங்கே இருக்குமானால், பூட்டைத் திறக்கச் சொல்லி ஊராரே கேட்பர்.

மூன்றாவது, கிராம சபை கூடும் நாட்களில், அலுவல்கள் முடிந்த பின் கால் மணி நேரம் ஒதுக்கி அதிலிருந்து இரண்டொரு பகுதிகளைப் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். தவறு இருந்தால் மூத்தோர் திருத்துவர்; விடுபட்டது இருந்தால் சேர்ப்பர். பேரப்பிள்ளை படிக்கத் தன் பாட்டைத் தானே கேட்கும் பாட்டியின் முகத்தை அன்று நீங்கள் காண்பீர்கள். அக்காட்சியைக் காணும் பேற்றை நான் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

இம்முகாம் மாணவர்கள் திரட்டியவற்றை நேற்று இரவு அமர்ந்து இரு படிகள் எழுதி முடித்திருக்கின்றனர். ஒன்று அவர்களுடைய கல்லூரிக்கு. மற்றொன்று இதோ என் கையில் இருக்கிறது. இதில் பாடல் சொன்னவர், கதை சொன்னவர், விதைக் குறிப்புச் சொன்னவர் அனைவர் பெயரும் உள்ளன. இதனை மேடையிலுள்ள பெரியவர்களிடம் கொடுப்பது வழக்கம். இன்று வழக்கத்தைச் சற்று மாற்ற உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இக்குறிப்பேட்டில் முதற்பாட்டைச் சொன்ன தாயார் அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் முதலில் இதனைக் கொடுத்து, அவர் கையாலேயே நூலகத்திற்கு வழங்கச் செய்வோம்.